முடியாத புரட்டாசி

1

இன்று காலை தம்பி மணி ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். ஊரில் புரட்டாசி முடிந்த முதல் ஞாயிறு. கோட்டூர்புரத்தில் எங்கள் அம்மா மீன் விற்கும் தெருமுனை. ஒரு மாதம் வாயைக் கட்டியிருந்த ஜனம் முழுக்கப் பையும் பாத்திரமுமாக அங்கே நெருக்கிக்கொண்டு நிற்கிறது. நடுவில் அம்மாவின் தலை மட்டும் தெரிகிறது.

"ஏம்மா, கொஞ்சம் தள்ளி நில்லு. மீனு எங்கியும் ஓடாது, செத்துதான் கீது" என்கிறாள்.

கூட்டம் சிரிக்கிறது. அம்மா சிரிக்கவில்லை. அரிவாள்மனையில் கை ஓடிக்கொண்டே இருக்கிறது. பக்கத்திலிருந்து டீக்காரர் ஒரு கிளாஸை நீட்டுகிறார். அம்மா தலை நிமிராமல் முழங்கையாலேயே அதைத் தள்ளிவிடுகிறாள். வீடியோ அதோடு முடிகிறது.

நான் இதை ஹாம்பர்க் நகரத்தில், மூன்றாம் மாடி வீட்டின் சமையலறையில் நின்றபடி பார்த்தேன். அடுப்பில் மைசூர் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் முடிந்த புரட்டாசி எனக்கு முடியவில்லை. போன வருஷம் தொடங்கியது, இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

கோட்டூர்புரத்துத் தோழிகள் போனில் கேட்கிறார்கள்: மீன்காரம்மா பொண்ணு எப்படிடீ சைவத்துக்கு மாறினே? ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது.

2

மீன் விற்கும் வீட்டில் தினமும் மீன் இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரும் நினைத்தார்கள். கேட்டால் நானும் ஆமாம் என்றுதான் தலையாட்டுவேன். உண்மை வேறு. விற்கிற மீன் விற்பதற்கு. வஞ்சரமும் வவ்வாலும் எங்கள் வீட்டுப் படியேறியதே இல்லை. நாள் முடிவில் மிஞ்சுவது எங்களுக்கு. மிஞ்சாத நாளே நல்ல நாள். அதனால் வாரம் முழுக்கப் பருப்பும் கீரையும்தான். வியாபாரம் படுத்த புரட்டாசியில்தான், மற்ற வீடுகளெல்லாம் மீன் வாடையே கூடாது என்று இருந்த மாதத்தில்தான், எங்கள் வீட்டில் தினம் மீன். அப்பா அப்போது உயிரோடிருந்தார். தட்டைப் பார்த்து, "பெருமாள் புண்ணியத்துல இன்னிக்கும் சங்கராவா" என்பார். அம்மாவுக்கு அந்த நகைச்சுவை பிடிக்காது.

மற்ற நாட்களில் அம்மா உச்சி வெயிலில் திரும்புவாள். கையை எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்துக் கழுவிவிட்டு உலையை வைப்பாள். சோறு வடிவதற்குள் குழம்போ கடைசலோ எதுவோ ஒன்று ஆகிவிட வேண்டும். அதுதான் அவள் கடிகாரம். தக்காளியையும் பூண்டையும் வேகவைத்து மத்தால் ஒரு கடை. முருங்கைக்கீரையை உருவி, வதக்கி, தேங்காய் தூவினால் பொரியல். ஒன்றும் இல்லாத நாளில் பொட்டுக்கடலைத் துவையல், சுட்ட அப்பளம்.

"சோறு வடியறதுக்குள்ள ஆவலன்னா அது சமையல் இல்லடி. சடங்கு" என்பாள்.

அம்மா பள்ளிக்கூடம் பார்த்ததில்லை. அப்பாவும்தான். எங்கள் இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். கல்லூரியில் சேர்ந்து, ரத்தப் பரிசோதனைக்கூட வேலைக்குப் படித்து, இங்கே ஒரு மருத்துவமனையின் ஆய்வகம் வரை வந்திருக்கிறேன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. ஆனால் இந்த ஊரில் நான் சமைத்துச் சாப்பிடுவதெல்லாம் படித்ததால் வந்ததில்லை. சோறு வடிவதற்குள் கற்றது.

3

என் கணவர் சரவணனுக்குத் துறைமுகத்துக் கிடங்கு ஒன்றில் கணினி வேலை. மாலையில் போனால் நடுநிசிக்கு வருவார். நான் ஆய்வகத்திலிருந்து ஓடிப்போய் எங்கள் மகள் இனியாவை மழலையர் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு வீடு சேரும்போது குளிர்காலத்தில் இருட்டிவிடும். முன்பெல்லாம் அதற்குமேல்தான் மீன். இங்கே கிடைக்கும் மீன் பலகை மாதிரி உறைந்திருக்கும். ஒருமுறை வீடியோவில் அம்மாவுக்குக் காட்டினேன். தலை இல்லை, வால் இல்லை, முள் இல்லை.

"மூஞ்சி இல்லாத மீன எப்டிடீ நம்பி வாங்கறே?" என்றாள்.

அதன் உறைவு விடும் வரை காத்திருந்து, மசாலா தடவி, வறுத்து, குளிரில் சன்னலைத் திறந்து வைத்து, சட்டியைத் தேய்த்துக் கவிழ்க்கும்போது இனியா சோபாவில் ஜெர்மன் கார்ட்டூனுக்கு முன்னால் தூங்கிப்போயிருப்பாள். நாள் முழுக்க அவளும் நானும் பேசியது 'வா', 'சாப்பிடு', 'ஷூவைக் கழட்டு' மட்டுமாக இருக்கும். அவளும் நான் தமிழில் கேட்டதற்கு ஜெர்மனில்தான் பதில் சொல்வாள்.

போன வருஷம் புரட்டாசி வந்தது. சரவணன் வீட்டில் அதைப் பிடிப்பார்கள். இங்கே வந்தும் விடவில்லை. ஒருத்தருக்குச் சைவம், ஒருத்தருக்கு அசைவம் என்று இரண்டு சமையல் எதற்கு என்று அந்த முறை நானும் சேர்ந்துகொண்டேன். பக்தியெல்லாம் இல்லை. சோம்பல் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மைசூர் பருப்பை ஊறவைக்கத் தேவையில்லை. குக்கரில் சோறு ஏறினால் இன்னொரு அடுப்பில் பருப்பு, தக்காளி, நான்கைந்து பூண்டுப் பல், சீரகம். வெந்ததும் அம்மா கொடுத்தனுப்பிய மத்து. உறைந்த பசலைக்கீரைக் கட்டி இரண்டைப் போட்டால் கீரைக் கடைசல். சோறு இல்லாத நாளில் இந்த ஊர்க் கறுப்பு ரொட்டியைச் சுட்டு, தேங்காய்த் துவையலைத் தடவி, பக்கத்தில் வெள்ளரிக்காய்த் தயிர். அவ்வளவுதான். சமையல் முடிந்தும் மாலை மீதமிருந்தது.

அந்த மீதமிருந்த நேரத்தில் இனியா அடுப்படிக்கு வந்தாள். எண்ணெய் தெறிக்காது, முள் குத்தாது. வா என்று ஒரு முக்காலியைப் போட்டு ஏற்றிவிட்டேன். பூண்டு உரித்தாள். கீரைக் கட்டிகளை எண்ணினாள். மத்தைச் சுற்றக் கற்றாள். அடுப்படியில் எனக்கு ஜெர்மன் வராது என்று சொல்லி வைத்தேன். ஆகவே அங்கே தமிழ். "அம்மா, இன்னும் கடையவா?" என்று அவள் முதல்முறை முழு வாக்கியமாகக் கேட்டபோது நான் அடுப்பைப் பார்த்தபடி நின்றுகொண்டேன். திரும்பினால் அழுதிருப்பேன்.

புரட்டாசி முடிந்தது. அந்த ஞாயிறு சரவணன் ஆசையாக மீன் வாங்கி வந்தார்.

"மாசம் முடிஞ்சிடுச்சு தேவி."

"தெரியும். நீங்க சாப்பிடுங்க."

"உனக்கு?"

"எனக்கு இதுவே நல்லா இருக்கு."

அவர் வறுத்துச் சாப்பிட்டார். நானும் இனியாவும் பருப்பு கடைந்தோம். நான் மாறிய கதை இவ்வளவுதான். எனக்குத் திரும்பக் கிடைத்த மாலை நேரத்தை மறுபடியும் சட்டி தேய்ப்பதற்குக் கொடுக்க மனமில்லை.

மறுநாள் அம்மாவிடம் போனில் சொன்னேன். மாசம் முடிந்தும் நான் மீன் சாப்பிடவில்லை, இனிமேலும் சாப்பிடுவதாக இல்லை என்று. கொத்தமல்லிக் கட்டுக்கே மூன்று கடை ஏறி இறங்கி வாதாடும் அம்மா, "சரி" என்றாள். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. "சரி கண்ணு. உடம்பப் பாத்துக்கோ."

அந்த 'சரி' எனக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது.

4

இங்கே எதை மாற்றினாலும் எழுதிக் கொடுக்க வேண்டும். இனியாவின் பள்ளியில் மதிய உணவைச் சைவமாக மாற்ற இரண்டு பேர் கையெழுத்து கேட்டார்கள். போட்டோம். முதல் வெள்ளிக்கிழமையே அவளுக்கு மீன் வைத்துவிட்டார்கள். இந்த ஊரில் வெள்ளிக்கிழமை மீன் நாள். மீனை இறைச்சியாகப் பலர் நினைப்பதில்லை. இனியா தட்டைத் தள்ளிவிட்டாளாம். மாலையில் ஆசிரியை சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "மீன் செடியில் காய்க்காது, என் பாட்டி மீன் விற்கிறார், எனக்குத் தெரியும் என்று சொல்கிறாள் உங்கள் மகள்."

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அந்த ஆசிரியையிடம் நானும் ஒருமுறை சொன்னேன், "ஆமாம், என் அம்மா மீன் விற்கிறார்."

சித்திரைப் புத்தாண்டுக்கு இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் கூடுவோம். ஆளுக்கொரு பண்டம். நான் தக்காளிக் கடைசல் கொண்டுபோனேன். மயிலாப்பூர்க்காரரான விஜயா மாமி பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் தமிழ் சொல்லித்தருகிறவர், நல்ல மனசு. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தேவி, நீ இப்போ சுத்த சைவமாமே? சரவணன் சொன்னான். நேக்கு ரொம்ப சந்தோஷம். பாத்தியா, படிச்சு, வெளிநாடு வந்து, நீயும் நம்மாத்து மனுஷாளாட்டம் ஆயிட்டே."

பாராட்டாகத்தான் சொன்னார். எனக்குக் கல்லூரி நாட்களில் மயிலாப்பூரில் தோழிகளோடு தங்கிப் படிக்க அறை தேடிப்போன மாடிப்படி ஞாபகம் வந்தது. வீட்டுக்காரர் கதவைப் பாதி திறந்து, "எல்லாரும் வெஜிடேரியன்தானே?" என்றார். ஆமாம்னு சொல்லுடி என்று தோழி முழங்கையால் இடித்தாள். "எங்கம்மா மீன் விக்கறாங்க சார்" என்று சொல்லிவிட்டு நானே முதலில் படி இறங்கினேன். அந்த மாடிப்படியில் இப்போது நானாகவே திரும்பி ஏறிவிட்டேனா?

"இல்ல மாமி" என்றேன். "நான் எங்க வீட்டு ஆளாட்டம்தான் இருக்கேன். எங்கம்மா மீன் விக்கறாங்க. வித்துட்டு வந்து எங்களுக்கு இந்தக் கடைசலத்தான் செஞ்சு போட்டாங்க."

மாமி என் கையை விட்டார். தன் தட்டில் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார்.

"இதுல பூண்டு போட்ருக்கியோ?"

"நெறைய மாமி."

"அதான் இப்படி இருக்கு. எங்காத்துல பூண்டு சேக்கவே மாட்டா." இன்னொரு வாய் சாப்பிட்டார். "இத்தனை வயசுக்கு மேல யார் வந்து கேக்கப்போறா. எப்படிப் பண்றதுன்னு சொல்லு."

சொன்னேன். சோறு வடிவதற்குள் ஆகிவிடும் மாமி என்று.

ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. நல்ல மனசுள்ள மாமிக்கே அப்படித் தோன்றியிருந்தால், அம்மாவுக்கு என்ன தோன்றியிருக்கும்? மகள் தன் கூடையின் வாடையைக் கழுவிக்கொள்கிறாள் என்று நினைத்துத்தான் அந்தச் 'சரி'யைச் சொன்னாளா?

5

அதற்கான பதில் மணியிடமிருந்து வந்தது. அவன் பெருங்குடியில் ஒரு கம்பெனிக்கு வண்டி ஓட்டுகிறான். ஒருநாள் வேலைக்கு நடுவில் கூப்பிட்டான்.

"அக்கா, உனக்குத் தெரியுமோ தெரியாதோ. அம்மா மீனு தின்றத உட்டுடுச்சு."

"எப்பலேர்ந்து?"

"நீ உட்டதுலேர்ந்து. எங்களாண்ட சொல்லவே இல்ல. என் மாமியார் வூட்டு விருந்துல எறா தொக்கு வச்சாங்க, தொடல. அப்பறம்தான் மெதுவா கேட்டேன்."

"எதுக்குடா?"

"நீ இன்னாத்துக்கோ வேண்டிக்கினு கீறியாமே? மாசம் முடிஞ்சும் ஒருத்தி வாய்க்கட்டு கட்னா அது வேண்டுதலாத்தான் இருக்குமாம். ஒத்தையா வேண்டினா பலிக்க நாளாவுமாம். அதான் அதுவும் கூட சேந்துக்கிச்சு." கொஞ்சம் நிறுத்தினான். "வியாபாரத்துலயும் பேஜாரு. நேத்து ஒரு அம்மா, சங்கரா எப்டி கீது, நீ தின்னு பாத்தியான்னு கேட்டுச்சு. நான் தின்றதில்லம்மான்னு சொல்லுது. நீயே தின்னாதத எனக்கு எதுக்கு விக்கறேன்னு அது போய்ட்டுச்சு. ஒரு பொய் சொன்னா இன்னா கொறைஞ்சிடும்?"

அம்மாவுக்கு மீன் எப்படி என்பது எங்களுக்குத்தான் தெரியும். மிஞ்சின மீனின் தலையை மட்டும் தனக்கென்று எடுத்துக்கொண்டு, கண்ணிலிருந்து செவுள் வரை பேச்சில்லாமல் சாப்பிடுவாள். நாள் முழுக்க வெயிலில் உட்கார்ந்ததற்கு அவள் தனக்குக் கொடுத்துக்கொண்ட ஒரே கூலி அதுதான். அதை, நான் வேண்டாத ஒரு வேண்டுதலுக்காக விட்டிருக்கிறாள்.

அன்றே கூப்பிட்டேன்.

"அம்மா, நான் எதுவும் வேண்டிக்கல."

"உன்ன யாரு கேட்டது? வேண்டுதல்ல கீறவங்களாண்ட இன்னான்னு கேக்கக்கூடாது. நீயும் சொல்லாத."

"மெய்யாலுமே இல்லம்மா. சமைக்க நேரம் மிஞ்சுது, இனியா கூட பேச முடியுது, அதுக்குத்தான் உட்டேன்."

"நேரத்துக்கா?" அவள் குரலில் ஒரு நம்பாமை. "நேரத்துக்கு யாராச்சும் வஞ்சரத்த உடுவாங்களா?"

"இங்க ஏதும்மா வஞ்சரம். மூஞ்சி இல்லாத மீனுதானே."

சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. நான் கேட்டேன், "நான் இன்னா வேண்டிக்கினதா நெனச்ச?"

"வேற இன்னா. ஊருக்கு வந்து சேரணும்னுதான்."

அந்த வாரம்தான் நானும் சரவணனும் இந்த நாட்டுக் குடியுரிமைக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டு வந்திருந்தோம். அலுவலகத்தில் அந்த அதிகாரி என்னைத் திருமதி கோவிந்தன் என்று கூப்பிட்டார். இங்கே இனிஷியலுக்கு இடமில்லை. அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிடும். கையெழுத்துப் போடத் தெரியாத என் அப்பாவின் பெயரை அந்த மனிதர் ஒவ்வொரு எழுத்தாக உச்சரித்துச் சரிபார்த்தபோது, எனக்கு எழுந்து நிற்க வேண்டும்போல் இருந்தது. இதை அம்மாவிடம் சொன்னால் சந்தோஷப்படுவாள், நல்ல நாள் பார்த்துச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

சொன்னேன். அன்றே, அந்தப் போனிலேயே. திரும்பி வருவதாக இல்லை என்றும் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை, அம்மாவிடம் சுற்றி வளைத்தால் விலை ஏற்றுகிறோம் என்று நினைத்துக்கொள்வாள்.

அங்கே தெருச் சத்தம் மட்டும் கேட்டது. ஆட்டோ ஒன்று போனது.

"அந்த ஊரு பாஸ்போர்ட்டு வாங்கினா, நம்ம ஊருக்கு வர முடியாதா?"

"வரலாம்மா. விசா வாங்கிக்கினு வரலாம்."

"கோட்டூர்பொரத்துக்கு விசாவா?" என்றாள். அதன் பிறகு, "சரி கண்ணு. அடுப்புல வேல கீது" என்று வைத்துவிட்டாள்.

6

அதன் பிறகு மணியிடம் கேட்டபோதெல்லாம், "இன்னும் தொடல அக்கா" என்றான். மகள் வேண்டவில்லை என்று தெரிந்தாலும், அம்மா வேண்டியது வேண்டியதுதான். அம்மனிடம் கொடுத்த வார்த்தையை அவளால் திரும்ப வாங்க முடியாது. பலிக்காத வேண்டுதலில் அவள் ஆயுசு முழுக்க மீன் சாப்பிடாமல் இருந்துவிடுவாளோ என்று எனக்குப் பயம் வந்தது. ஆய்வகத்தில் குழாய்களை அடுக்கிக்கொண்டிருக்கும்போது, கூடை நிறைய மீனுக்கு நடுவில் அவள் வெறும் துவையலோடு உட்கார்ந்திருப்பது கண்ணில் வரும்.

ஒரு காலையில் அவளே கூப்பிட்டாள். அவளாகக் கூப்பிடுவது அபூர்வம்.

"தேவி, நான் ரோசன பண்ணிப் பாத்தேன். ஆத்தாவாண்ட நான் இன்னா சொன்னேன்? எம்பொண்ணு ஊருக்கு வந்து சேரணும்னு சொன்னேன்."

"ஆமா."

"எத்தினி நாளிக்குன்னு சொல்லல."

"அதுக்கு?"

"ஆடிக்கு வந்தியானா, வந்து சேந்த கணக்குதான். கூழு ஊத்தி, பொங்கல் வச்சு முடிச்சுடலாம். அப்பறம் நீ போறது உன் இஷ்டம். ஆத்தா அதுல தலையிடாது."

ஆயுசு முழுக்கப் பேரம் பேசியவள் அம்மனையும் விடவில்லை. நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பில், தன் ஆசையைப் பாதி விலைக்கு இறக்கிக் கொடுத்ததும் இருந்தது. எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

7

ஆடியில் நானும் இனியாவும் போனோம். விமான நிலையத்திலிருந்து மணி வண்டியை வேகமாக ஓட்டினான். பின்னாலிருந்து இனியா அலறினாள்: "மாமா, தீயைக் குறைங்க. அடிபிடிக்கும்." மணிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சிரித்தான். அவளுக்குத் தெரிந்த தமிழ் முழுக்க அடுப்படித் தமிழ். தெருவில் யார் என்ன கேட்டாலும் அதை வைத்தே சமாளித்தாள். கொஞ்சிக்கொண்டே இருந்த பக்கத்து வீட்டு அக்காவிடம் "போதும், எறக்கிடுங்க" என்றாள். அம்மா எல்லாரிடமும் போய், "என் பேத்தி எப்டி பேசுது பாத்தியா" என்று காட்டினாள்.

தெருமுனை அம்மன் கோயிலில் பொங்கல் பொங்கியது. அம்மா என் தோளைப் பிடித்து அம்மனுக்கு நேராக நிறுத்தினாள்.

"தோ நிக்கறா பாத்துக்கோ. நீ சொன்னத செஞ்சிட்ட. நானும் செஞ்சிட்டேன். கணக்கு தீந்துச்சு."

மறுநாள் விடியற்காலையில் அவளோடு கடைக்குப் போனேன். கூடையைத் திறந்ததும், போணிக்கு முன்னாலேயே, இருப்பதில் நல்ல வஞ்சரம் ஒன்றை எடுத்து ஓரமாக வைத்தாள். முதல் வியாபாரம் ஆகாமல் கூடையிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது என்பது அவள் சட்டம். அப்பாவுக்காகக்கூட அதை மீறியதில்லை.

"யாருக்கும்மா?"

"எனுக்குத்தான்" என்றாள். "நீ செஞ்சு போடு."

அன்று மத்தியானம் நான் மீன் குழம்பு வைத்தேன். மாங்காய் போட்டு, அவள் வைப்பது மாதிரியே. உப்புப் பார்க்க மட்டும் அவளைக் கூப்பிட்டேன். இன்னொரு அடுப்பில் அவள் எனக்குத் தக்காளிக் கடைசல் கடைந்துகொண்டிருந்தாள். இரண்டும் சோறு வடிவதற்குள் ஆகிவிட்டன. இனியா முன்னாலேயே சாப்பிட்டுத் தூங்கிவிட்டாள்.

இரண்டு தட்டுகளோடு உட்கார்ந்தோம். அவள் தலையை எடுத்துக்கொண்டாள். கண்ணிலிருந்து தொடங்கினாள். நான் என் தட்டைப் பார்ப்பதுபோல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முள் நீக்கிய ஒரு நல்ல துண்டை அவள் கை தானாக எடுத்தது. என் தட்டுவரை வந்து, நின்றது. அதைத் திரும்பத் தன் தட்டில் வைத்துவிட்டு, குழம்பில் துழாவி ஒரு மாங்காய்த் துண்டை எடுத்து என் சோற்றின் மேல் வைத்தாள்.

"மீனுலதானம்மா கொதிச்சுது இது."

"மாங்கா மரத்துல காய்ச்சது. மீனா குடுத்தேன்?"

சாப்பிட்டேன். ஒரு வருஷமாகச் சைவம்தான் என்று யாரிடமும் தயங்காமல் சொல்கிறேன். அந்த மாங்காயைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

கை கழுவும்போது மெதுவாகக் கேட்டேன். "அம்மா, நான் மீன உட்டது உன் பொழப்ப நெனச்சு வெக்கப்பட்டுன்னு நீ நெனச்சியா?"

அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "நீ தின்னாட்டா எனுக்கு ஒரு மீனு மிஞ்சும். அதுல இன்னாடி வெக்கம்."

8

இன்று மாலை பருப்பு வெந்து இறக்கியதும், மணி அனுப்பிய வீடியோவை மறுபடி பார்த்தேன். கூட்டம், அரிவாள்மனை, சிரிப்பு. கடைசியில் டீக்காரர் நீட்டும் கிளாஸ். அம்மாவின் முழங்கை.

டீ இல்லாமல் அம்மா கூடையைத் தொடமாட்டாள். விடிந்ததும் ஒன்று, கடை பரப்பியதும் ஒன்று, கூட்டம் ஏறினால் இன்னொன்று. ஜுரத்தில்கூட விட்டதில்லை. ஆடியில் நான் கிளம்பும்போதும் இரண்டு பேரும் நின்றுகொண்டே குடித்தோம்.

போன் செய்தேன். அங்கே தூங்கப்போகும் நேரம்.

"இன்னிக்கு டீ ஏம்மா குடிக்கல?"

"உனுக்கு யாரு சொன்னது?"

"வீடியோல பாத்தேன்."

"வாய்க்குப் புடிக்கல" என்றாள். குரல் கொஞ்சம் அவசரப்பட்டது. "மீனு நல்லா தின்றேன். அத்த உடல. நீ கவலப்படாத."

நான் மேற்கொண்டு கேட்கவில்லை. வேண்டுதலில் இருக்கிறவர்களிடம் என்னவென்று கேட்கக் கூடாது.

போனை வைத்துவிட்டு வந்தால், இனியா முக்காலியில் ஏறி நின்று மத்தைக் கையில் வைத்திருந்தாள். "அம்மா, டீத்தூள் எடுக்கவா?" என்றாள். சமைத்து முடித்ததும் எனக்கு ஒரு டீ என்பது அவளுக்கும் பழகிப்போன கணக்கு.

"வேணாம் கண்ணு" என்றேன். "அம்மா டீயை விட்டுட்டேன்."

"ஏன்?"

ஒத்தையாக வேண்டினால் பலிக்க நாளாகுமாம். அவளிடம் அதைச் சொல்லவில்லை. பருப்பைக் கடை என்றேன்.